கேட்கத் தெரிந்த காப்டன்

1981-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி, லீட்ஸ் நகரத்து ஹெடிங்லி மைதானத்தில், 130 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் ஒரே விக்கெட்டை இழந்து 56 ஓட்டங்களை எட்டியிருந்த ஆஸ்திரேலிய அணி, அன்று பிற்பகலிலேயே 111 ஓட்டங்களுக்கு அடங்கி, 18 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. அந்த அதிசயத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 149 ஓட்டங்கள் குவித்து ஆட்டமிழக்காமல் நின்ற இயன் போத்தமையும், 43 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளைச் சாய்த்த பாப் வில்லிஸையும் நாம் வாயாரப் புகழ்கிறோம். அது நியாயமே. ஆயினும் அந்த இருவரிடமிருந்தும் அத்தகைய ஆட்டம் வெளிப்படுவதற்குக் காரணபூதராக இருந்த இங்கிலாந்துக் காப்டன் மைக் பிரியர்லியை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிரியர்லி காப்டனாக மீண்டும் பொறுப்பேற்றபோது இங்கிலாந்து அணியின் நிலை பரிதாபகரமானது. காப்டனாக 12 டெஸ்டுகள் ஆடி ஒன்றிலேனும் வெற்றி காணாத போத்தம், முந்தைய லார்ட்ஸ் ஆட்டத்தின் இரு இன்னிங்ஸ்களிலும் பூஜ்யத்துக்கு ஆட்டமிழந்து, பதவியைத் துறந்திருந்தார். அத்தகைய மனிதரிடம் புதிய காப்டன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஹெடிங்லி ஆட்டத்தில் ஆட விருப்பம் உண்டா என்றுதான் முதலில் கேட்டார். ஆடவே விரும்புவதாகப் பதில் வந்தது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அந்த ஆட்டத்திலேயே போத்தம் முதல் இன்னிங்ஸில் 6 விக்கெட்டுகளும் 50 ஓட்டங்களும் எடுத்தார். அப்படியிருந்தும் இங்கிலாந்து 227 ஓட்டங்கள் பின்தங்கி ஃபாலோ ஆன் பெற்றது. பந்தயக்காரர்கள் அதன் வெற்றிக்கு ஒன்றுக்கு 500 என்று விலை கூறினார்கள்.

இரண்டாம் இன்னிங்ஸில் போத்தமின் 149 ஓட்டங்கள் அணியை மீட்ட பின், கடைசி நாள் காலையில் நிகழ்ந்த சிறு சம்பாஷணை ஒன்றே என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. ஹெடிங்லி சமதளமான மைதானமன்று. ஒரு முனையிலிருந்து ஓடிவரும் பந்துவீச்சாளர் மேடேறி வரவேண்டும், கர்க்ஸ்டால் லேன் முனையிலிருந்து வருபவருக்கோ சரிவு துணை செய்யும். 32 வயதைக் கடந்தவரும், இரு முழங்கால்களிலும் முன்னமே ரணசிகிச்சை செய்துகொண்டவருமான வில்லிஸ், அன்று மேடேறி வீசிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு நோ-பால் ஆகிவிடுமோ என்ற அச்சம் வேறு அவருடைய வேகத்தைக் குறைத்திருந்தது. இந்த வயதில் மேடேறி வீசுவது தம்மால் ஆகாது, மறுமுனையைத் தாருங்கள் என்று அவர் கேட்டார். ஓட்டம் ஒவ்வொன்றும் பொன்னான அந்த நேரத்தில், சலிப்புற்ற ஒருவரின் முறையீடு என்று அதைத் தள்ளிவிட எந்தக் காப்டனுக்கும் மனம் வந்திருக்கும். பிரியர்லி முனையை மாற்றிக் கொடுத்தார்; நோ-பாலைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு முழு வேகத்தில் நேராக வீசும்படி சொல்லியும் அனுப்பினார். ஆஸ்திரேலிய மட்டையாளர் சாப்பல் உடலுக்கு நேரே எழும்பிய பந்தைத் தடுக்க முயன்று விக்கெட் காப்பாளர் டெய்லரிடம் பிடி கொடுத்தார். ஹியூஸும் யாலப்பும் ஓட்டமெதுவும் எடுக்காமல் திரும்பினார்கள். உணவு இடைவேளையின்போது ஸ்கோர் 4 விக்கெட்டுக்கு 58. சற்று நேரத்தில் 8 விக்கெட்டுக்கு 75. ஃபாலோ ஆன் பெற்ற அணி டெஸ்டில் வென்றது, 1894 சிட்னி ஆட்டத்துக்குப் பின் அதுவே முதல் முறை.

கேட்டதையெல்லாம் கொடுப்பதுதான் தலைமையா என்று ஒருவர் வினவலாம். அல்ல என்பதற்கு அடுத்த டெஸ்டே சாட்சி. எட்ஜ்பாஸ்டனில் 151 ஓட்டங்களைத் துரத்திய ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுகளை இழந்து 100-ஐத் தாண்டிவிட்ட வேளையில், பிரியர்லி போத்தமைப் பந்துவீச அழைத்தார். போத்தம் தயங்கினார், தம்மைவிட மற்றவர்கள் வீசுவதே உசிதம் என்றார். வில்லிஸின் சொல்லுக்கு இணங்கிய அதே காப்டன், இங்கே இணங்கவில்லை. நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாடியையும் பிடித்துப் பார்த்த பிறகே மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போல, சொல்லில் இருந்த தயக்கத்தையும் அந்தச் சொல்லுக்குடையவரின் உள்ளே இருந்த பலத்தையும் அவர் வேறுபடுத்தி அறிந்தார். பந்தை வாங்கிக்கொண்ட போத்தம் 28 பந்துகளில் ஒரே ஓட்டம் கொடுத்து 5 விக்கெட்டுகளை எடுத்தார். இங்கிலாந்து 29 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. ஒரு முறை கேட்டபடி செய்ததும், மறுமுறை மறுத்து வற்புறுத்தியதும், ஒரே கவனத்தின் விளைவுகள்தாம். எதிரில் நிற்பவர் இன்னார் என்று முன்பே காது கொடுத்துத் தெரிந்துவைத்திராதவருக்கு, எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற விவேகம் எங்கிருந்து வரும்? பிற்காலத்தில் பிரியர்லி மனப்பகுப்பு மருத்துவராகி, பிறர் பேசக் கேட்பதையே ஜீவனமாகக் கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

இவருடைய ஆட்டத்திறனைக் குறித்து விமரிசகர்கள் கூறியவற்றை நான் மறுக்கவில்லை. 39 டெஸ்டுகளில் ஒரு சதம்கூட இல்லை, சராசரி 22.88. மட்டையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவருக்கு அணியில் இடமே கிடையாது. ஆனால் அவர் தலைமை தாங்கிய 31 டெஸ்டுகளில் இங்கிலாந்து 18-ல் வென்று 4-ல் மட்டுமே தோற்றிருக்கிறது. அவரை மீண்டும் அழைத்த தேர்வாளர்கள் செய்தது முற்றிலும் சரி என்பதே என் துணிபு.