பழைய எண்ணெயின் பதம்

சாயல்குடி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். மீன் பெட்டி, பதநீர் கேன், தண்ணீர்க் குடங்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எதையும் சுமந்துகொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்கள் போய்க்கொண்டே இருக்கும். 1980இல் ஓசூரில் டிவிஎஸ் 50ஆகத் தொடங்கிய வம்சம் இது. பிடிக்கக் கிளட்ச் கிடையாது, மிதிக்கக் கியர் கிடையாது, முறுக்கினால் போகும். ஆட்டோமேட்டிக் என்று யாரும் சொல்வதில்லை என்றாலும் நம் ஊர் ஏழைகளின் ஆட்டோமேட்டிக் வண்டி இதுதான்.

என்னிடம் இருப்பது 69.9 சிசி எக்ஸ்எல் சூப்பர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்தாயிற்று, வேறென்ன வேண்டும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்த ஆயில் எஞ்சினில் எரிந்து போவது. கியர் கேசுக்குள் கிடப்பது வேறு. குடை ராட்டினம் வேகமெடுத்தால் தொட்டில்கள் வெளியே வீசுமே, அதுபோல எஞ்சின் வேகம் கூடும்போது கிளட்ச் ஷூக்கள் விரிந்து டிரம்மைக் கவ்வும். அந்தக் கவ்வலெல்லாம் இந்த ஆயிலில் நனைந்தபடிதான் நடக்கிறது.

மாற்றுவது அரை மணி வேலை. கடைத்தெரு வரை ஒரு நடை ஓட்டி வந்து, ஆயில் சூடாக இருக்கும்போதே சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் பழைய கிண்ணம் ஒன்றை வைத்து, ரிங் ஸ்பேனரால் ஆயில் வடிக்கும் போல்ட்டைத் தளர்த்துவேன். சூட்டில் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு இறங்கும். கடைசி இழை சொட்டுச் சொட்டாக மாறும்வரை அவசரப்படக் கூடாது.

இந்த வேலையின் அழகு முழுவதும் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் பெண்கள் நுரையின் நிறத்தையும் பாகின் இழையையும் வைத்தே பதம் சொல்லிவிடுவார்கள். பழைய ஆயிலையும் அப்படிப் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் பயமில்லை, உழைத்த ஆயில். பால் விட்ட டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வாஷரையும் சீலையும் பாருங்கள். கருகிய வாடை வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது வெள்ளித் தூள் மினுங்கினால் பல்சக்கரம் தேய்கிறது. மெக்கானிக் வண்டியைப் பிரித்துச் சொல்வதை ஒரு கிண்ணம் ஆயில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது புது வாஷர் போடுங்கள். கையால் திருகிப் புரி சரியாக ஏறிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். அலுமினியக் கேஸ் முரட்டுத்தனத்தைத் தாங்காது. வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன ஆயில், சொன்ன அளவு. அதற்கு மேல் ஒரு மூடிகூட வேண்டாம்.

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கண் வேண்டும். அதன் ஆயில் சிவப்பு. பழுப்பேறினால் கவனிக்க வேண்டும். ஆனால் போல்ட்டைக் கழற்றினால் முழுதும் வந்துவிடாது, பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். 1970களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் அந்தச் சிவப்பு ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் கலந்தார்கள். திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்த பிறகுதான் வேதியியலாளர்கள் மாற்று தேடினார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் வாழ்கிறவனுக்கு இது வெறும் தகவலாகப் படவில்லை. ஒரு கியர் அதிராமல் விழுவதற்குக் கடல் அவ்வளவு பெரிய உயிரைக் கொடுத்திருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். வடித்த ஆயிலை மணலில் கொட்டாதீர்கள். இந்தக் கரையில் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றுத் தோண்டி இறைக்கிறோம். ஒரு கேனில் ஊற்றி இறுக மூடி, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.