விரல் வைத்த நேரம் கூலியாகும் வழி

திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றில் சனிக்கிழமைதான் சம்பள நாள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; பன்னிரண்டு என்றால் ஒன்றரை. யார் எத்தனை ஷிப்ட் பார்த்தார்கள் என்று பதிவேட்டைப் புரட்டிக் கூட்டிய காலம் ஒன்று உண்டு. இன்று வாசலில் கைரேகை மெஷின், ஆபீஸில் சம்பளக் கணக்கின் டேட்டாபேஸ். இரண்டையும் ஆள் தலையீடு இல்லாமல் இணைக்கும் ஆட்டோமேஷன் நேர்த்தியான கைவேலை என்பேன்.

பதிவு விழுந்ததும் எடு, டோக்கன் நம்பரைப் பொருத்து, எழுது: வேலை இவ்வளவுதான். அழகெல்லாம் நுணுக்கத்தில் இருக்கிறது. கோவை ஸ்பின்னிங் மில்லில் இரவு பத்துக்கு வந்தவர் காலை ஆறுக்குக் கிளம்புவார். தேதி மாறினாலும் ஷிப்ட் ஒன்றே என்று ஆட்டோமேஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் இருமுறை விரல் வைத்தால் ஒன்றைத்தான் கொள்ள வேண்டும். நெட் போய்த் திரும்பியதும் தேங்கிய பதிவுகள் மொத்தமாக வந்து சேரும். ஏற்கெனவே எழுதியதை மறுபடி எழுதக் கூடாது. பொருந்தாத நம்பரைத் தள்ளிவிடாமல், சூப்பர்வைசர் பார்க்கத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எழுதி வைத்தது. அந்த உரிமை நிமிடக் கணக்கின் சுத்தத்தில்தான் நிற்கிறது.

இந்த இணைப்பை அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதே கணக்கைத் தொழிலாளியின் போனுக்கும் தமிழில் அனுப்புங்கள். உழைத்தவர் தன் நேரத்தைத் தானே சரிபார்க்க முடிந்தால்தான் இந்த வேலை முழுமை பெறும்.