பிழைத்தவன் சொல்லாத நன்றி

ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் பேசினார்: "ஆஷ்விட்ஸுக்கு அப்புறமும் கடவுளா? யூதர்களே விட்டுட்டாங்களே!" கைதட்டல். நானும் தட்டினேன். நான் நாத்திகன்தான், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அறுபது லட்சம் பேரின் சாவை நம் தரப்புக்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டோமோ?

ப்ரைமோ லெவியிலிருந்து தொடங்கலாம். இத்தாலிய யூதர், வேதியியலாளர். 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர். விஷவாயு அறைக்கு ஆள் பொறுக்குவதற்கு முகாமில் 'தேர்வு' என்று பெயர். 1944 அக்டோபரில் நடந்த தேர்வை அவர் 1947இல் வெளியான தன் முதல் நூலில் எழுதுகிறார். அன்றிரவு கூன் என்ற முதியவர், தான் தப்பியதற்காக உரக்கக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். பக்கத்துப் படுக்கையில் இருபது வயது கிரேக்க இளைஞன் பெப்போ. நாளை மறுநாள் தான் போகப்போவது தெரிந்து, விளக்கை வெறித்தபடி கிடக்கிறான். லெவிக்கு வருவது தத்துவச் சந்தேகமல்ல, அருவருப்பு.

என் வாசிப்பில் மையம் இதுதான். 'என்னைக் காப்பாற்றினார்' என்று சொன்ன கணமே 'அவனைக் கைவிட்டார்' என்றும் சொல்லியாகிவிடுகிறது. நன்றி என்பது அங்கே செத்தவன்மேல் எழுதப்படும் தீர்ப்பு. பிற்காலத்தில் நண்பர் ஒருவர், நீ பிழைத்தது இறைவன் செயல், சாட்சி சொல்லவே விட்டுவைத்தான் என்றபோது, லெவிக்கு அது கொடூரமாகப் பட்டது. அதையும் 1986இல் வந்த நூலில் பதிந்திருக்கிறார்.

ஆனால் லெவி நம்பிக்கையை இழந்தவரல்ல. இல்லாமலே உள்ளே போனவர். இழந்தவனைப் பார்க்க எலீ வீஸலிடம் போகவேண்டும். சிகெட் என்ற ஊரில் தால்முத் படித்துக்கொண்டிருந்த பையன், 1944இல் பதினைந்து வயதில் ஏற்றப்பட்டான். 1958இல் பிரெஞ்சில் வந்த 'இரவு' நூலில் அந்தப் பையன் பாவநிவாரண நாளன்று நோன்பு இருக்க மறுக்கிறான். அப்பா வேண்டாம் என்றது ஒரு காரணம். இன்னொன்று, அது கடவுளுக்கு எதிரான கலகம். கவனியுங்கள்: இல்லாத ஒருவரோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். வீஸல் கடைசிவரை பிரார்த்தனையையும் விடவில்லை, வழக்கையும் விடவில்லை. 1979இல் கடவுளை விசாரணைக் கூண்டில் ஏற்றி நாடகமே எழுதினார். இவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. நம்பிக்கை என்றதும் தனிமனித மனசுக்குள் இருக்கும் ஒரு கருத்து என்று நினைக்கிறோம். யூத மரபில் அது பெரிதும் நடைமுறை. இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷுக்குப் பத்துப் பேர் கூடவேண்டும், மரபுப்படி ஆண்கள். இறந்த நாள் தெரியவேண்டும். ஊரே போனபின் பத்துப் பேருக்கு எங்கே போவது? நாள் தெரியாதவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை ரப்பிகள் தேபேத் மாதம் பத்தாம் நாளைப் பொதுவாக ஒதுக்கவேண்டி வந்தது. அந்தக் கத்தீஷிலும் சாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முழுக்கக் கடவுள் துதிதான். அம்மாவை எரித்த புகைக்குப் பின் துதி நாக்கில் வராமல் போனது என்றால், அது வாதத்தில் தோற்றதல்ல. வாய் அடைத்துப் போனது.

மதத்தின் பக்கம் விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. சத்மர் ரப்பி யோயேல் தைதல்பாம், தானும் பிழைத்தவர், சியோனியம் என்ற பாவத்துக்கான தண்டனை என்றார். கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவன் பக்கம் கணக்குத் தேடும் விளக்கம் இது. இதை நாம் மறுப்பது சுலபம்.

நம் பக்க விளக்கம்? முகாமிலிருந்து மீண்ட ழான் அமெரி நம்பிக்கையற்றவர். ஆனாலும் மத நம்பிக்கையாளர்களும் மார்க்ஸியர்களும் தன்னைவிட நன்றாகத் தாங்கினார்கள் என்று 1966இல் வெளிப்படையாக எழுதினார். அவர்களில் ஒருவராக விரும்பவும் இல்லை. வெற்றி கொண்டாடாத இந்த நாத்திகம் நமக்குப் பழக்கமில்லாதது.

அந்த மௌனத்தில் 'கடவுள் செய்தார்' என்று எழுதுவதும் 'கடவுள் இல்லையென்று நிரூபித்தார்கள்' என்று எழுதுவதும் செத்தவனை ஏதோ ஒன்றுக்குப் பயன்படுத்துவதுதான். பெப்போ எதையும் நிரூபிக்கச் சாகவில்லை. கொன்றது நாஜிகள், அந்தக் கணக்கை மட்டும் யாரும் மாற்றி எழுதக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் கை தட்டமாட்டேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.