அவையல் கிளவி எது?

அவையிற் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லவேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. நன்னூலார் அதனை இடக்கரடக்கல் என்பர். உரைகாரர் காட்டும் உதாரணங்களோ பெரும்பாலும் உடலின் கழிவுகளைப் பற்றியன. அவையோர் முகஞ்சுளியாதிருத்தலே நோக்கம். இழித்து அழைக்கப்படுவோனின் முகத்தை இலக்கணம் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்து 'எளிய' என்னும் சொல்லை நோக்குக. வள்ளுவர் அரசனுக்கு வேண்டிய சிறப்பாக எளிமையைக் கூறினார். குடாநாட்டிலோ 'எளிய சாதி' என்பது வசை. வேலியோரம் நின்று கதைக்கும் பெரியவர்கள் குரலை உயர்த்தாமலே அதனைச் சொல்லக் கேட்டிருக்கின்றேன். பிள்ளைகள் வாயிற் 'சனியன்' என்று வந்தால் அவர்களே கண்டிப்பர்.

படித்தோரும் இதற்கு விலக்கல்லர். புறநானூற்றிலே பறை முழக்குவோனைக் குறித்த 'இழிசினன்' என்ற சொல்லின் வழித்தோன்றல், 1960களின் மரபு பற்றிய விவாதத்தில் ஈழத்து ஏடுகளில் மீண்டும் தலைகாட்டியது. பேச்சுவழக்கிற் கதை எழுதிய முற்போக்காளரின் ஆக்கங்கள் 'இழிசனர் இலக்கியம்' என இகழப்பட்டன. மொழித் தூய்மை பேசியோர்க்கு அச்சொல் தூய்மையற்றதாகத் தோன்றவில்லை!

இப்பின்னணியிலேயே கே. டானியல் 1972இல் வெளிவந்த தமது நாவலுக்குப் 'பஞ்சமர்' எனப் பெயரிட்டமையை மதிப்பிடல் வேண்டும். 'சிறுபான்மைத் தமிழர்' என்ற மென்மையான பெயர் அவர் கைக்கெட்டியதே. ஒடுக்கப்பட்டோரின் மகாசபை அப்பெயரிலேயே இயங்கியது. எனினும் நால்வருணத்துக்குப் புறம்பே தள்ளிய சொல்லையே அவர் அட்டையிற் பொறித்தார். ஐந்து சாதியினரைத் தாழ்த்த வழங்கிய சொல் அவ்வைவரையும் ஓரணியாக்கும் பெயராயிற்று. நாவலின் கலைக் குறைகள் பற்றி விமர்சகர் கூறுவனவற்றுட் சில எனக்கும் உடன்பாடே. மாந்தர் சிலர் ஆசிரியரின் கருத்தையே ஒப்புவிக்கின்றனர். ஆனால் உயர்சாதியினர் வாயிலிருந்து வரும் வசைகளை மழுப்பாது பதிந்தமையைக் கொச்சை என்பது பொருந்தாது. சொன்னவருக்கு எதிரான சாட்சியம் அது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒடுக்கப்பட்டோருள் ஒருவராய் நின்று டானியல் எடுத்தாண்ட சொல், வகுப்பறையில் நாம் இலகுவாக உச்சரிப்பதற்கு உரிமைச்சீட்டு ஆகாது. அவர் அதனை எடுத்துக்கொண்டார். நாமோ முன்னர் கொடுத்தவர்களின் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

இன்று பல்கலைக்கழக வளவில் 'எளிய சாதி' என்று வெளிப்படையாகச் சொல்லப் பலர் கூசுவர். சொல் அவையல் கிளவியாகிவிட்டது, இடக்கரடக்கலும் வந்துவிட்டது. கலியாணப் பேச்சென்றால், புரோக்கரிடம் குரலைத் தாழ்த்தி ஒன்றே கேட்கின்றனர்: "அவை எங்கட ஆக்களோ?"