நாயும் முள்ளும்

பயணம் எழுதுகிறவனுக்கு நாய் ஒரு சௌகரியம். கூடவே வரும், மறுத்துப் பேசாது. எழுத்து அச்சேறிய பிறகு, 'அப்படி நடக்கவில்லையே' என்று சொல்லாது. இந்தச் சௌகரியத்துக்கு எழுத்து என்ன விலை கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சில வருஷங்களாகப் படித்து வந்ததில் எழுந்த கேள்வி இது. அந்த நிலத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காமலேயே எழுதப்பட்ட நிலம்தான் அதுவும். கலிஃபோர்னியா என்ற பெயரே 1510இல் அச்சான ஒரு ஸ்பானிய வீரக் கதையில் வரும் கற்பனைத் தீவின் பெயர். 1539-40இல் உல்யோவாவின் கப்பல்கள் வளைகுடாவின் தலைவரை போய், நிலம் கண்டத்தோடு ஒட்டியிருப்பதைக் கண்ட பிறகும், பதினேழாம் நூற்றாண்டு வரைபடக்காரர்கள் அதைத் தீவாகவே வரைந்தார்கள். கதை அழகாக இருந்தால் கண் தோற்றுவிடும்.

மேற்கே பசிபிக், கிழக்கே கோர்டெஸ் கடல், நடுவே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லும் மணலும் கள்ளியும். வடக்கே திஹுவானாவிலிருந்து தெற்கு முனையில் காபோ சான் லூகாஸ் வரை வளைந்து வளைந்து 1,711 கிலோமீட்டர் போகும் தார்ச்சாலை 1973இல்தான் முடிந்தது. அதற்கு முன் போனவர்களுக்கு வண்டியின் அச்சை முறிக்கும் மண் தடங்கள்தான். ஜோசஃப் வுட் க்ரட்ச் 1961இல் வெளியிட்ட புத்தகத்துக்கு 'மறக்கப்பட்ட தீபகற்பம்' என்று பெயர் வைத்தது அந்தக் காலத்துக்குப் பொருந்தும். சாலை வந்ததும் வேறொரு எழுத்து வந்தது. பழைய வேன், பின்னால் படுக்கை, ஒரு நாய். எழுதுகிறவர்கள் எழுத்தாளர்கள் இல்லை. எல் ரொசாரியோவைத் தாண்டினால் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் நிச்சயமில்லை. டிரம்மில் வைத்து விற்பவர்களை நம்ப வேண்டும். சாலையில் ஓரம் கிடையாது. இருட்டிய பின் ஓட்டக் கூடாது. மாடுகள் தாரின் மேல் நிற்கும். மழை பெய்தால் தரைப்பாலங்களில் வெள்ளம் குறுக்கே ஓடும். இருபத்தெட்டாம் பாகைக் கோட்டருகே கெரேரோ நெக்ரோவில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். இவற்றைத்தான் எழுதுகிறார்கள். நடை என்று ஒன்றும் கிடையாது.

ஆனால் நாய் வரும் இடங்களில் இந்தக் குறிப்புகளுக்கு ஒரு கட்டாயம் வந்துவிடுகிறது. சோயா என்றொரு கள்ளி. அதன் துண்டுகள், லேசாக உரசினாலே செடியிலிருந்து கழன்று உடம்பில் ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். பாதத்தில் ஏறியதை நாய் வாயால் பிடுங்கப் பார்க்கும். பிறகு உதட்டிலும் நாக்கிலும் முள். சீப்பை விட்டு நெம்பிக் கட்டியை எடுக்க வேண்டும், மிச்சத்தைக் குறடால். பகலில் தார் கொதிப்பதால் நாயை விடிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் நடத்த முடியும். அதனால் பயணமே நாயின் நேரத்துக்கு மாறிவிடுகிறது. பாலைவனத்தின் மௌனம் பற்றி ஒரு தத்துவ வாக்கியம் தொடங்கியிருக்கும், நாய் நொண்டும், வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். இந்த நிறுத்தத்தை நான் மதிக்கிறேன்.

இப்போது ஸ்டைன்பெக். 1960 செப்டம்பரில் சார்லி என்ற பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டு, 1962இல் 'டிராவல்ஸ் வித் சார்லி' வெளியிட்டார். நாயோடு செய்யும் சாலைப் பயணத்துக்கு உலகமே முன்மாதிரியாக வைத்துக்கொண்ட புத்தகம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், நண்பர்களிடம் திணித்திருக்கிறேன். வண்டிக்கு டான் கிஹோத்தேயின் குதிரையினுடைய பெயர். அந்தப் பெயரிலேயே ஜாக்கிரதையாகியிருக்க வேண்டும். சார்லி பல இடங்களில் நாயே அல்ல. ஆசிரியர் கேள்வி கேட்கிறார், நாய் ஒரு சத்தம் போடுகிறது, அந்தச் சத்தத்துக்கு ஆசிரியரே அர்த்தம் எழுதிக்கொள்கிறார். மோஹாவே பாலைவனத்தில் இரண்டு கோயோட்டிகள் துப்பாக்கிக் குறிக்குள் நிற்கின்றன. அவர் சுடவில்லை. நாய்த் தீனி டப்பாக்கள் இரண்டைத் திறந்து படையல் மாதிரி வைத்துவிட்டுப் போகிறார். உருக்கமான இடம். ஆனால் அங்கே பாலைவனமும் இல்லை, கோயோட்டியும் இல்லை. ஒரு மனிதன் தன் கருணையைத் தானே பார்த்துக்கொள்கிற கண்ணாடி இருக்கிறது.

பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010இல் அதே தடத்தில் போய்ப் பார்த்தார். கைப்பிரதியையும் பார்த்தார். மேற்குக் கரையில் மனைவி எலைன் உடனிருந்த பகுதிகள் அச்சில் இல்லை. தனியாகப் போனவர் என்று நாம் நம்பிய மனிதர் அவ்வளவு தனியாக இல்லை. 2012இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, இதை நடந்தது நடந்தபடி என்று கொள்ள வேண்டாம் என எச்சரித்தது.

'புனைவுதானே, அதனால் என்ன' என்று கேட்கலாம். என்ன என்பதற்குப் பதில் மறுபடி பாஹாவில் இருக்கிறது. அதே ஸ்டைன்பெக் 1940இல் கடலுயிரியலாளர் எட் ரிக்கெட்ஸோடு அந்தத் தீபகற்பத்தைச் சுற்றிக் கோர்டெஸ் கடலுக்குள் போனார். 1941இல் வந்த 'ஸீ ஆஃப் கோர்டெஸ்' இருவரும் சேர்ந்து போட்டது. ஏன், எதற்கு என்பதை விட்டு, இருப்பது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் பாடம். ஸியெரா என்ற மீனின் முதுகுத் துடுப்பிலுள்ள முட்களை ஜாடியில் வைத்து எண்ணலாம்; அதே மீன் தூண்டிலில் துள்ளும்போது அது வேறொரு உண்மை. முதல் உண்மைக்கு எண்ணிக்கை வேண்டும், இரண்டாவதற்கு நீ அங்கே இருக்க வேண்டும். மீனின் முள்ளை எண்ணத் தெரிந்தவர் இருபது வருஷம் கழித்து நாயை உவமையாக்கிவிட்டார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இங்கே எனக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிவிட வேண்டும். அந்தக் கப்பலில் ஏழு பேர் போனார்கள். ஏழாவது ஆள் அப்போதைய மனைவி கேரல். புத்தகம் முழுக்க 'நாங்கள்'. அதில் கேரல் இல்லை. ஆக, கோளாறு நாயோடு தொடங்கவில்லை. 1941இல் மனைவி 'நாங்க'ளுக்குள் காணாமல் போனாள். 1962இல் 'நா'னுக்குள். நாய் மட்டும் தங்கியது. ஏனென்றால் நாய் தனிமையைக் கெடுப்பதில்லை. தனிமையின் கம்பீரமும் துணையின் இதமும் ஒரே டிக்கெட்டில் கிடைத்துவிடுகின்றன.

இதை அமெரிக்க வியாதி என்று ஒதுக்கிவிட நமக்கு யோக்கியதை இல்லை. மகாபிரஸ்தானத்தில் பாண்டவர்கள் இமயத்தைக் கடந்து மணற்கடல் ஒன்றைக் காண்கிறார்கள். அதற்கப்பால் முதலில் விழுகிறவள் திரௌபதி. பிறகு தம்பிகள். கடைசிவரை கூட வருவது நாய். மனைவி முதலில் போகிறாள், நாய் நிற்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: வியாசர் அவள் விழுந்ததை எழுதுகிறார். பீமன் ஏன் என்று கேட்கிறான். தருமன், கடுமையானதுதான், ஒரு பதில் சொல்கிறான். விழுந்தவள் காவியத்தில் இருக்கிறாள். அடுத்து, நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமன் சொல்லும்போது அது வெறும் நாய்தான். தரும தேவதை என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் காட்சியின் முழு கனமும் அந்தத் தெரியாமையில் இருக்கிறது. ஸ்டைன்பெக்கின் நாய் வண்டியில் ஏறும்போதே தேவதையாக ஏறிவிட்டது.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் பயணக் கட்டுரை எழுதினேன். வறண்ட மலைப்பாதை, தனிமை, இத்யாதி. கூட என் மனைவி வந்திருந்தாள். கட்டுரையில் அவள் இல்லை. சொல்லத் தோன்றவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வாக்கியத்தில் எழுதி, அடித்தேன். 'நான்' அப்போதுதான் சரியாக உட்கார்ந்தது. படித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தச் சாயாக்கடையில ஜுரத்தோட படுத்திருந்தீங்களே, தலையை யாரு பிடிச்சுவிட்டான்னு போட்டிருக்கீங்க?" ஜுரத்தையே நான் போட்டிருக்கவில்லை. ஜுரத்தை எழுதினால் அவளையும் எழுத வேண்டியிருக்கும்.

அதனால்தான் சார்லியின் புத்தகத்தில் இன்றும் எனக்கு நிற்கிற பக்கங்கள் அந்த நாய் நோயில் கிடக்கும் பக்கங்கள். வயதான நாய். சிறுநீர் பிரியாமல் தவிக்கிறது; வைத்தியரைத் தேட வேண்டியிருக்கிறது. அங்கே உரையாடல் இல்லை, அமெரிக்கா இல்லை, ஆசிரியருக்கே தன் ஞாபகம் இல்லை. கப்பலில் முள்ளை எண்ணியவர் அந்தச் சில பக்கங்களில் திரும்பி வருகிறார். மற்றதை நான் பரிந்துரைத்த நண்பர்களிடமிருந்து இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பாஹா சாலையின் அந்த நடையற்ற குறிப்புகளுக்கு நான் ஏன் திரும்பத் திரும்பப் போகிறேன் என்பதும் இப்போது விளங்குகிறது. நாயின் பாதத்திலிருந்து சோயா முள்ளை ஒரு ஆள் எடுப்பது கஷ்டம். ஒருவர் நாயை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் குறட்டைப் பிடிக்க வேண்டும். முள்ளை எழுதினால் பிடித்துக்கொண்டது யார் என்பதையும் எழுதியாக வேண்டும்.