கீற்றின் ஓவியங்களுக்குக் காவல் யார்?

கண்டியிலே பிறந்து, கண்டித் திரித்துவக் கல்லூரியிலே பயின்று, மல்வத்தை விகாரையின் அயலிலே பௌத்தத்தையும் பழஞ் சித்திரங்களையும் அறிந்துகொண்டவர் ஜோர்ஜ் கீற். 20ஆம் நூற்றாண்டின் ஈழத்து ஓவியத்தைப் பற்றி எவர் எழுதப் புகுந்தாலும், 1901இல் பிறந்து 1993இல் மறைந்த இந்த மனிதரைத் தவிர்த்துவிட்டு எழுதுதல் இயலாது. எனினும், அவருடைய ஓவியங்களை முறையாகக் காணவிரும்பும் கண்டி மாணவன் இன்றும் கொழும்புக்குப் புகையிரதம் ஏறவேண்டியவனாகவே இருக்கின்றான். பொரளை கோதமி விகாரையின் சுவரோவியங்கள் அங்கே. ஹரி பீரிஸ் தமது வீட்டிலே சேர்த்து வைத்துச் சென்ற ஓவியங்கள் அங்கே. கீற்றின் பெயரால் 1988இல் தோன்றிய மன்றமும் அங்கேதான்.

ஆகவே கண்டியில் அவருக்கென்று தனியொரு நூதனசாலை வேண்டும் என்பதை நிலைநாட்ட நீண்ட வாதம் தேவையில்லை. நிலம் எங்கே, பணம் எங்கே என்ற கேள்விகளும் காலப்போக்கில் விடை பெறக்கூடியவையே. அவற்றுக்கெல்லாம் முன்னதாக எழவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்த நூதனசாலை எவருக்குக் கட்டுப்பட்டதாயிருக்கும்? எந்த ஓவியத்தை மாட்டுவது, எதை இறக்குவது, அதன் கீழே என்ன எழுதுவது என்பதை எவர் தீர்மானிப்பார்? தனியொரு கலைஞனுக்காக எழும் நூதனசாலையின் சுதந்திரம் என்பதற்கு என்னளவில் ஒரேயொரு பொருள்தான் உண்டு: அது தன் கலைஞனையே குறைகூறத் தக்க சுதந்திரம்.

இதை விளக்கக் கீற்றின் ஓவியங்களுக்குள் சற்று நுழைந்துதான் ஆகவேண்டும்.

1939இலும் 1940இலும் கோதமி விகாரையின் சுவர்களில் புத்தரின் வாழ்வை வரைந்தபோது கீற் தமது ஆற்றலின் சிகரத்திலே நின்றார் என்று துணிந்து கூறலாம். அஜந்தாவின் வளைவும், கண்டிய விகாரைச் சித்திரங்களின் உறுதியான புறக்கோடும், ஐரோப்பிய நவீன ஓவியரிடம் கற்ற துணிச்சலும் அந்தச் சுவர்களிலே ஒன்றோடொன்று மோதாமல் இயைந்து நிற்கின்றன. அங்கே கோடு அலங்காரத்துக்காக வளையவில்லை. உருவத்தின் துயரையும் அமைதியையும் சுமந்தே வளைகின்றது. வழிபட வரும் எளிய மக்களும், நவீன ஓவியத்தைக் கற்றுத் தேர்ந்தவரும் ஒரே சுவரின் முன்னே தத்தமக்குரியதைப் பெற்றுச் செல்கின்றனர். மக்கள் கலைக்கும் நவீனக் கலைக்கும் இடையிலே கடக்க முடியாத பள்ளம் உண்டென்போர் ஒருமுறை பொரளைக்குச் சென்று வருவது நலம்.

மூன்று ஆண்டுகளின் பின், 1943இல், லயனல் வென்ற் முன்னின்று கூட்டிய ‘43 குழு’வில் ஹரி பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுஸ்ரீ முதலியோரோடு கீற்றும் சேர்ந்தார். அந்தக் காலத்து ஓவியங்களிலே ஒரே முகம் பக்கத் தோற்றமும் நேர்த் தோற்றமுமாகத் தெரிகின்றது. வர்ணப் பரப்புகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஆனால் பொருள் இந்த மண்ணுடையது. நாயகன், நாயகி, தோழி, கண்ணன், ராதை. ஜயதேவரின் கீத கோவிந்தத்தை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தவர் அவர் என்பதையும் மறத்தலாகாது. கவிதையும் எழுதியவராதலால், கவியின் காதும் ஓவியனின் கண்ணும் அவரிடத்தே ஒன்றுகூடியிருந்தன. சிலி நாட்டுத் தூதரக அலுவலராகக் கொழும்பிலே தங்கியிருந்த கவிஞர் பாப்லோ நெருடா, கீற் இளைஞராயிருந்தபோதே அவரை இனங்கண்டு பாராட்டி எழுதியது வியப்பன்று.

இவ்வளவும் உண்மை. மற்றொரு புறமும் உண்மை. பிற்காலத்தில் இந்தக் காதலர் உருவங்கள் ஒரு வாய்பாடாகிவிட்டன. அதே பாதாம் விழி, அதே கழுத்து வளைவு, அதே மார்பு. வாங்குவோர் கேட்டனர், ஓவியர் வரைந்தார். அவற்றுட் பலவற்றிலே கை பழக்கத்தால் ஓடுகின்றதேயன்றி எதையும் தேடவில்லை. மேலும், கண்டியைச் சூழ்ந்திருப்பவை தேயிலை மலைகள். அந்த மலைகளிலே கொழுந்து பறித்தே தேய்ந்த பெண்களின் கூடையும் சாக்குப் படங்கும் நான் கண்ட கீற்றின் ஓவியங்கள் எதிலும் இடம்பெறவில்லை. அண்டையிலுள்ள சிரிமல்வத்தைக் கிராமத்திலே வாழ்ந்த அவர், கிராமத்துப் பெண்ணை வரைந்தார். அவளை என்றும் காதலியாகவே வரைந்தார், அவளுடைய உழைப்பை வரைந்தாரில்லை. ஓவியன் எல்லாவற்றையும் வரைந்தே தீரவேண்டும் என்று நாம் விதி செய்யமுடியாது. ஆனால் எதை அவன் காணவில்லை என்பதையும் அவனுடைய நூதனசாலை சொல்லவேண்டும். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி, தன் தாய் ஏன் இந்தச் சுவர்களில் இல்லை என்று கேட்டால் அதற்கு விடை சொல்ல அங்கே ஒருவர் இருக்கவேண்டும்.

இப்படிப்பட்ட நூதனசாலையை எவர் நடத்த முடியும்?

அரசு நடத்தட்டும் என்பது பலருடைய முதல் விடை. தலதா மாளிகைக்கு அயலில், அரசியர் வாழ்ந்த பல்லே வாகலையில் அமைந்துள்ள கண்டி நூதனசாலைக்கு என் மாணவரை நான் அழைத்துச் செல்வதுண்டு. உள்ளூர்க் கலை அன்பர்கள் சேர்த்த பொருள்களையே முதலாகக் கொண்டு 1942இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இடம் அது. இன்று அது கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட திணைக்களத்தின் ஒரு கிளை. பொருள்கள் பத்திரமாக உள்ளன. அதற்கு நன்றி கூறவேண்டும். ஆனால் கீற் போன்ற ஒருவரைத் திணைக்களம் என்ன செய்யும்? பறங்கியர் குலத்திலே பிறந்தவர், பௌத்தத்தில் ஈடுபட்டவர், வைணவக் காதலைத் தீட்டியவர். 1956இன் பின் மொழியாலும் மதத்தாலும் வகுக்கப்பட்டுவிட்ட நாட்டிலே இத்தகையவருக்கு உரிய பெட்டி எது? புத்தசரிதத்தை வரைந்த கீற்றை முன் மண்டபத்தில் மாட்டி, ராதையை வரைந்த கீற்றைக் களஞ்சிய அறைக்கு அனுப்புவது மிக எளிது. கெட்ட எண்ணம் எவருக்கும் வேண்டியதில்லை. ஒரு சுற்றுநிருபம் போதும்.

பெங்களூரில் நடந்தது இன்னொரு பாடம். கீற் மறைந்த அதே 1993இல் மறைந்த ருசிய ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிக், அந்நகரின் புறத்தே 468 ஏக்கர் தோட்டமொன்றை விட்டுச் சென்றார். மறு ஆண்டு அவருடைய துணைவியார், நடிகை தேவிகா ராணியும் காலமானார். தோட்டம் தனியார் கைகளுக்குப் போகும் நிலை தோன்றவே, கர்நாடக அரசு 1996இல் தனிச் சட்டமொன்றை இயற்றி அதைச் சுவீகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2011இலேதான் முடிந்தது. அரசு செய்தது சரியே என்பது என் கருத்து. வேறு எவராலும் அந்த நிலத்தைக் காத்திருக்க முடியாது. ஆனால் காத்தல் வேறு, வாழவைத்தல் வேறு. பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றத்திலே கழிந்தன.

அதே ரோரிக் தம் குடும்பத்துச் செல்வத்தின் பெரும் பகுதியை 1990இல் மொஸ்கோவில் ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைத்தார். நூதனசாலை லொபுகின் மாளிகையிலே எழுந்தது. அரசைச் சாராதது என்று பெருமை பேசியது. ஆனால் அதைத் தாங்கி நின்றவர் பெரும்பாலும் ஒரே ஒரு வங்கி அதிபர். 2013இல் அந்த வங்கியின் உரிமம் பறிக்கப்பட்டது. 2017இல் அரசு நூதனசாலையொன்று மாளிகைக்குள் புகுந்து அனைத்தையும் தன்வசமாக்கிக் கொண்டது. ஒரே தூணில் நின்ற வீட்டைச் சுதந்திரமான வீடு என்று சொன்னதே முதற் பிழை.

இனிச் சந்தை. கீற்றைப் போன்றே நாட்டார் கலையிலிருந்து நவீனத்தைக் கண்டெடுத்த வங்க ஓவியர் யாமினி ராயின் கல்கத்தா இல்லத்தை 2023இல் ஓவிய வணிக நிறுவனமொன்று வாங்கி, அவருக்கான நூதனசாலையாக்கப் போவதாக அறிவித்தது. வீடு இடிபடாமல் தப்பியது குறித்து நானும் மகிழ்ந்தேன். எனினும் ஓவியத்தை விற்போரே ஓவியத்துக்கு மதிப்புரையும் எழுதுவாராயின், “இது கலைஞரின் தளர்ந்த காலத்துப் படைப்பு” என்ற வாசகத்தை எந்தச் சுவரில் எதிர்பார்ப்பது? அந்த ஒரு வரி விலையைக் குறைத்துவிடுமே! கீற்றின் விடயத்தில் இது இன்னும் கூர்மையானது. அவருடைய பெயரில் போலி ஓவியங்கள் உலவுவது ஓவியம் வாங்குவோர் யாவரும் அறிந்ததே. வாய்பாடாகிவிட்ட பாணியைத்தான் போலி செய்வதும் எளிது. போலியைப் போலி என்று சொல்லும் வாய், விற்பனையிலே பங்கில்லாத வாயாக இருக்கவேண்டும்.

கொழும்பு மன்றத்தின் பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1993 முதல் அது நடத்திவரும் ‘கலா பொல’ என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை, காட்சிக்கூடங்களின் வாசலை மிதிக்க இயலாத இளம் ஓவியர் பலருக்கு வாங்குவோரை நேரிலே காட்டியது. அது நற்பணி. ஆனால் சந்தையின் வேலை வேறு, நூதனசாலையின் வேலை வேறு.

முன்மாதிரி தேடி வெகுதூரம் செல்லவேண்டியதுமில்லை. ஹரி பீரிஸ் 1974இல் தமது பார்ன்ஸ் பிளேஸ் வீட்டையும் சேகரிப்பையும் சப்புமல் மன்றம் என்ற நம்பிக்கைப் பொறுப்பின்கீழ் விட்டார். பளிங்கு மண்டபம் இல்லை. ஓவியர் ஒருவரின் வீடு. ஓவியர்கள் மாட்டிய சுவர்கள். அங்கே நின்றபோது, கலைஞரின் சிலை முன்னே கைகட்டி நிற்கும் உணர்ச்சி எனக்கு எழவில்லை. அவரோடு வாதாடலாம் என்றே தோன்றிற்று.

கண்டியிலும் அத்தகையதே வேண்டும். மாநகரசபை இடம் தரட்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் அறிஞரைத் தரட்டும். வணிகர் பணம் தரட்டும். ஆயின் எவர் பங்கும் மற்றவர் பங்கை விழுங்காதபடி பொறுப்புப் பத்திரத்திலேயே வரம்பு கட்டப்படவேண்டும். ஓவியங்களை விற்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் கிடையாது என்பதும் அதிலேயே எழுதப்படவேண்டும். ஓவியர்களும் ஆசிரியர்களும் தெரிவுக் குழுவிலே பெரும்பான்மையாக இருக்கவேண்டும். சுவரிலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கம் வேண்டும். தமிழ் விளக்கம் சிங்களத்தின் பிழைபட்ட நிழலாக இல்லாமல், தமிழறிந்த ஒருவரால் தனியே எழுதப்பட்டதாக இருக்கவேண்டும். ஓர் அறையிலே கீற்றின் உண்மை ஓவியத்தையும் அவருடைய போலியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, வேறுபாட்டை மாணவரே கண்டுபிடிக்க விடலாம். இவற்றுக்கெல்லாம் பெருந்தொகை தேவையில்லை.

கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. முதல் வேலை ஒரு பதிவேடு. கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் எந்த வீட்டில், எந்த விகாரையில், எந்தக் கல்லூரியில் கீற்றின் எந்த ஓவியம் உள்ளது, எப்படி அங்கு வந்தது, எந்த நிலையில் உள்ளது என்பதை உயர்வகுப்பு மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து இரண்டு பள்ளி விடுமுறைகளிலே எழுதத் தொடங்கிவிடலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது பிரதி எடுக்கப்படாத ஏடுகள் அடியோடு போயின. ஆகையால் இந்தப் பதிவேட்டின் ஒரு படி கண்டியில் இருக்க, இன்னொன்று பேராதனையிலும் மற்றொன்று யாழ்ப்பாணத்திலும் இருக்கட்டும்.