அரச நம்பிக்கையும் நாவலின் ஐயமும்: ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானிய இராணுவம் அதற்குத் ‘தெற்கின் ஒளி’ என்னும் பொருள்படச் ‘சியோனான்’ எனப் பெயர் சூட்டியது. ‘ஆசியா ஆசியருக்கே’, ‘கூட்டு வளம்’ ஆகிய முழக்கங்கள் தென்கிழக்காசியா எங்கும் பரப்பப்பட்டன. அந்நியப் படையாட்சியில் வாழ்ந்தோர் இவ்வறிவிப்புகளை எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதைத் தமிழில் ஆழமாகப் பதிவுசெய்த புனைவு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972).

இந்நாவலைப் புலம்பெயர் இலக்கியத்தின் முன்னோடி என்றும், நனவோடை உத்தியின் சாதனை என்றும் ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். அம்மதிப்பீடு பொருத்தமானதே. ஆயினும் அவ்வுத்தி எதன்பொருட்டு என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அரசின் குரல் ஒன்று, அது ஐயமறியாதது. பாண்டியனின் மனமோ பல குரல்களால் ஆனது. அறிவிப்பு ஏற்க மறுக்கும் ஐயத்திற்கு இடமளிப்பதே நனவோடையின் பணி எனலாம்.

ஜப்பானியர் மேடான் நகருள் நுழையும்போது கொள்ளையர்க்கு விதிக்கப்படும் கொடுந்தண்டனையைச் சிங்காரம் சினமின்றி விவரிக்கிறார். ஊர் அடங்குகிறது. அவ்வமைதி நம்பிக்கையின் விளைவன்று, அச்சத்தின் விளைவு என்பதை வாசகரே உணர்கின்றனர். மலாயாவில் வாழைமரப் படம் பொறித்த ஜப்பானிய நாணயத்தாள் 1945இல் மதிப்பிழந்த வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வுணர்வின் நியாயம் விளங்கும்.

பாண்டியனின் ஐயம் செயலின்மைக்கு இட்டுச்செல்லவில்லை. அவன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். பின்னர் இந்தோனேசிய விடுதலைப் போரில் உயிர்துறக்கிறான். முழக்கத்தை நம்பாதவனும் போராட முடியும் என்பதே நாவலின் துணிபு. இதே ஐயம் தமிழ்ப் பழம்பெருமை மீதும் பாய்கிறது. அதனை அங்கதச் சுவையாக மட்டும் துய்த்து, படையாட்சி குறித்த ஐயத்தினின்று பிரித்து நோக்குவது தமிழ்த்துறை ஆய்வின் குறைபாடாகும். இரண்டும் ஒரே பார்வையின் இரு முகங்கள்.

நாவலுக்கும் ஓர் எல்லை உண்டு. வட ஆர்க்காட்டினர் கோலார் தங்கவயலின் ஊரிகம் போன்ற சுரங்கக் குடியிருப்புகளுக்கும் சென்றனர், மலாயாத் தோட்டங்களுக்கும் சென்றனர். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் 1942-43இல் சயாம்-பர்மா இரயில் பாதைப் பணியில் மடிந்தனர். சிங்காரத்தின் மையம் வணிகரும் படைவீரருமே, கூலியாள் அல்லர். அவ்விடைவெளியை மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நிரப்புகிறது. இவ்விரு நாவல்களையும் இணைத்துப் படிக்கும்போதே ‘கூட்டு வளம்’ என்ற சொல்லின் முழுவிலை புலனாகும்.